கடை மூடும் நேரம்

ஜூன் 9, திங்கள்

காலையில் ஞானசீலன் போன் செய்தான். டப்பிங் டைரக்டர். என்னிடம் படித்திருக்க வேண்டிய வயது. என் வகுப்பில் இருந்திருந்தால் தேறியிருக்க மாட்டான்.

"சார், ஒரு பழைய ஹாலிவுட் படம் வந்திருக்கு. கறுப்பு வெள்ளை. ஃபுல்லா பாட்டும் டான்ஸும்தான். மும்பை கம்பெனி தமிழ்ல கேக்குறாங்க. வசனம், பாட்டு ரெண்டுமே நீங்கதான் பண்ணணும்."

"பாட்டுமா? பாட்டை இங்கிலீஷ்லயே விட்டுடுவாங்களே."

"இதுல பாட்டும் தமிழ்ல வேணுமாம் சார். மியூசிக்க தனி டிராக்கா குடுத்திருக்காங்க. நல்ல கவிஞரா பாருங்கன்னாங்க. உங்க பேரைத்தான் சொன்னேன்."

கவிஞர். இந்தச் சொல்லை என்னைக் குறித்து யாரும் பயன்படுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஃபில். முடித்து, கல்லூரி வேலையை உதறிவிட்டுப் பாட்டெழுத வந்தவன் நான். என் பாட்டு ஒன்று ஊரெல்லாம் ஒலித்தது. கேசட் உறையில் வேறொருவர் பெயர் இருந்தது. அந்தப் பெரிய மனிதர் அதற்கு விருதும் வாங்கினார், மேடையில் கண்ணும் கலங்கினார். அன்றிலிருந்து அடுத்தவர் உதட்டுக்கு அளவெடுத்து வார்த்தை தைக்கிறேன்.

ஒப்புக்கொண்டேன். படத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாதாம். எனக்குச் சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் கேன் வரவில்லை. மாடி வீட்டுக்கு மட்டும் வந்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

படம் பார்த்தேன்.

பயணப் பெட்டிகள் விற்கும் ஒரு கடை. அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாயகனைக் கண்டாலே ஆகாது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவன் பொய் சொல்கிறவன், சொன்ன நேரத்துக்கு வராதவன், அவள் பேசும்போது வேறெங்கோ பார்ப்பவன். ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் வந்து நிற்கிறான். அவள் போகச் சொல்கிறாள். அவன் ஒரு பெட்டியின் மேல் ஏறி ஆடத் தொடங்குகிறான். அடியில் உலோகத் தகடு பதித்த காலணி. தோல் பெட்டியில் ஒரு சத்தம், மரப்பெட்டியில் ஒரு சத்தம், தகரத்தில் ஒரு சத்தம். கடையையே தாளவாத்தியமாக்குகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டை எடுக்கிறாள். பிறகு அவள் கால் லேசாகத் தட்டுகிறது. பிறகு அவனோடு ஆடுகிறாள். முடிந்ததும், கையில் பூட்டோடு, மூச்சு வாங்க நின்றுகொண்டு பாடுகிறாள். பாட்டு முடியும்போது அவனைக் காதலிக்கிறாள்.

அவ்வளவுதான். அவன் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு விளக்கம் சொல்லவில்லை. காலை நன்றாகத் தட்டினான், எல்லாம் சரியாகிவிட்டது. இந்தப் பொய்யை உலகம் முழுக்க ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

மறுபடியும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். வேலைக்காக.

ஜூன் 14, சனி

வக்கீல் பிச்சாண்டி கூப்பிட்டார்.

"டைவர்ஸ் மனுவுக்கு ஜூலை பதினாலு ரெண்டாவது ஹியரிங் சார். ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னா அன்னிக்கே முடிஞ்சிடும். யாராவது ஒருத்தர் மாட்டேன்னா மனு நிக்காது. நீங்க உறுதியாத்தானே இருக்கீங்க?"

"கேட்டது அவ. எனக்கென்ன?"

"சரி சார். வெள்ளைச் சட்ட போட்டுட்டு வாங்க."

எதற்கு வெள்ளைச் சட்டை என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

என் மனைவி செண்பகவல்லி போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போரூரில் அவனுக்கு மூன்று மாடி வீடு. சிதம்பரநாதன் என்று பெயர், வேலை இரும்புக் கடை. எங்கள் தலைப்பொங்கலுக்கு வந்தபோதே என்னைப் பார்த்து, "மாப்ள, பாட்டெழுதுறதெல்லாம் சரி, நிரந்தரமா என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டவன். இந்த ஜனவரியில் முதல் மனுவில் கையெழுத்துப் போட அவளைக் காரில் அழைத்து வந்தவனும் அவன்தான்.

தக்காளி வாங்கினேன். பாதி அழுகல்.

ஜூன் 17, செவ்வாய்

வேலையை எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் அவள் உதடு எங்கே மூடுகிறதோ, தமிழிலும் அங்கே ப, ம போன்ற எழுத்து விழ வேண்டும். அவள் வாய் அகலமாகத் திறந்தால் தமிழிலும் ஆகாரம் வேண்டும். பொருள், சந்தம், கவிதை எல்லாம் அதற்குப் பிறகுதான். தூரத்துக் காட்சியில் ஏமாற்றலாம். முகம் நெருக்கத்தில் இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். லிப் உட்காரவில்லை என்பார்கள். நான் எழுதி லிப் உட்காராமல் போனதாக இந்தத் தொழிலில் ஒருவனும் சொல்ல முடியாது.

அந்தப் பெண் கடைசியில் பாடும் பாட்டு முழுவதும் நெருக்கக் காட்சி. எழுதி அனுப்பினேன். மாலையில் ஞானசீலன் பேசினான்.

"சார், லிப்பெல்லாம் அட்டகாசம். ஆனா…"

"ஆனா?"

"'வந்த வழி போனவனே, வாசல் இனி உனக்கில்ல'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டிருக்கு சார்."

"அவ சிரிக்கிறது நடிப்பு. உள்ள அதான் இருக்கும்."

"இருக்கட்டும் சார், உள்ளேயே இருக்கட்டும். அவங்க டான்ஸ் ஆடிட்டு நிக்குறாங்க, நீங்க ஒப்பாரி எழுதியிருக்கீங்க. கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்."

பொழுதுபோக்குப் படத்துக்கு ஒப்பாரி கூடாதாம். இவனெல்லாம் எனக்குத் திருத்தம் சொல்கிறான்.

ஜூன் 18, புதன்

நாயகிக்குக் குரல் கொடுக்கப்போவது செண்பகம். ஞானசீலன் சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தான்.

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"ஆறேழு குரல் அனுப்பினோம் சார். பேசுறதும் பாடுறதும் ஒரே குரலா வேணும்னாங்க. அக்கா குரல்தான் ஓகே ஆச்சு. உங்க எழுத்துன்னும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"'அவர் எழுதினா லிப் உக்காரும்'னாங்க. அவ்ளோதான்."

அவளை நான் முதலில் பார்த்ததும் ஒரு பாட்டு ஒலிப்பதிவில்தான். டிராக் பாட வந்திருந்தாள். பெரிய பாடகி வந்து பாடும் வரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கும் குரல் அது. அவர் பாடியதும் அழித்துவிடுவார்கள். என் பெயர் போன அதே பாட்டில்தான் அவள் குரலும் போனது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் குறைபட்டதில்லை. அது எனக்கு எப்போதுமே எரிச்சலாக இருந்தது.

திருமணத்துக்குப் பிறகு பாட்டை விட்டுவிட்டு வசனம் பேசப் போனாள். விடச் சொல்லி நான் சொல்லவில்லை. வீட்டில் பாடும்போது சுருதி விலகினால் சொல்வேன், அவ்வளவுதான். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எந்த விதத்தில் மரியாதை?

ஜூன் 20, வெள்ளி

அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுதுவதற்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அவள் மனம் எந்த இடத்தில் மாறுகிறது? ஒவ்வொரு பிம்பமாக நகர்த்திப் பார்த்தேன். கால் தட்டும் இடத்தில் முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருக்கிறது. அவனோடு சுழலும்போது சிரிக்கிறாள், ஆனால் பார்வை அவன் தோளுக்கு மேலே எங்கோ நிலைத்திருக்கிறது. அடுத்த அடியை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு திருப்பத்தில் குதிகாலில் ஏதோ ஒட்டுப் போட்டிருப்பது காலுறைக்குள் தெரிகிறது. எத்தனை முறை ஒத்திகை பார்த்தார்களோ. காலடிச் சத்தம்கூடப் படப்பிடிப்பில் வந்ததல்ல. இந்த மாதிரிப் படங்களில் பிறகு தனியாக ஒரு பலகையில் ஆடிச் சேர்ப்பார்கள். எல்லாமே சேர்த்துத் தைத்தது. இருந்தும், முடிவில் அவள் நிமிர்ந்து அவனைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. வயதாகிறது. இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாளாகப் போடவில்லை.

செண்பகம் கிளம்பிய அன்று நடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். அவள் பக்கத்துக் கதை மட்டும் ஊரில் உலவுகிறது. பெட்டியைத் தயாராக வைத்திருந்தாள். நான் ஹாலில் ஹெட்போனுடன் ஒரு மலையாளப் படத்தின் வசனத்தில் உட்கார்ந்திருந்தேன், மறுநாள் கொடுக்க வேண்டியது. கிளம்புகிறவள் கிளம்ப வேண்டியதுதானே? பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வெகுநேரம். நான் திரும்பவில்லை. கடினமான ஒரு வரி, அப்போதுதான் பிடி கிடைத்திருந்தது. பிறகு சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைக்கூடச் சாத்தவில்லை.

அந்த வரி நன்றாக அமைந்தது.

ஜூன் 24, செவ்வாய்

வடபழனியில் வசனப் பதிவு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஞானசீலன், என்ஜினியர் ரஃபீக். அந்தப் பக்கம் அவள்.

கொஞ்சம் இளைத்திருக்கிறாள். போரூர்ச் சாப்பாட்டின் லட்சணம். முடியில் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டாள்.

"சார், இந்த இடத்துல 'போங்க'வா, 'போ'வா?" என்று மைக்கில் கேட்டாள்.

சார். அறிமுகமான புதிதில் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"'போ'. அவளுக்கு அவன் மேல மரியாதை கிடையாது."

"சரி சார்."

'போ' என்றாள். அந்த வெள்ளைக்காரியின் உதட்டிலிருந்தே வந்த மாதிரி இருந்தது. ரஃபீக் கையைத் தூக்கிக் காட்டினான்.

ஆட்டம் வரும் ரீலில் அவளுக்கு வேலை இல்லை. இருந்தாலும் ஹெட்போனைக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சொன்னாள், "இந்த ஆளு இவ்ளோ நேரம் குதிக்கிறதுக்கு, 'ஏம்மா போகச் சொல்ற'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா படம் அப்பவே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிட்டா நமக்கு எப்படிக்கா வேல?" என்றான் ஞானசீலன்.

"அதுவும் சரிதான். குதிக்கட்டும், குதிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் அவள் இப்படியெல்லாம் பேசி நான் கேட்டதில்லை. ஊருக்கு ஒரு முகம்.

டீ இடைவேளையில் கேன்டீனில் எதிரே உட்கார்ந்தாள். வேறு நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

"சாப்பாடு?"

"நானே சமைக்கிறேன்."

"என்ன சமைக்கிறீங்க?"

"ரசம்."

"தினமுமா?"

"அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல." டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். "பாட்டு எழுதிட்டீங்களா?"

"மாத்தச் சொல்றாங்க."

"ஞானசீலன் காட்டினான்."

"எப்படி இருந்தது?"

"லிப் உக்காருது," என்றாள். டீயை முடித்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 25, புதன்

ரசம் வைக்கவில்லை. தோசை மாவு வாங்கி வந்தேன். கல்லில் ஒட்டிக்கொண்டது.

ஜூன் 29, ஞாயிறு

பழைய வரிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை என்பதை ஞானசீலன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கடை மூடும் நேரம் ஆச்சு, கால் ஏனோ நகரவில்லை
பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டாமல் நிற்கிறேனே
ஏனென்று கேட்டால் போதும், எல்லாமே சொல்லிவிடுவேன்
இருந்துவிட்டுப் போகலாமே, இன்னும் கொஞ்ச நேரம்

கடைசிச் சொல்லுக்கு அவள் உதடு மெல்ல மூடுகிறது. 'நேரம்' அங்கே அளவெடுத்த மாதிரி விழுகிறது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே சரியாக அமைந்தது இதுதான். படத்தில் ஏற்கெனவே பூட்டு இருக்கிறது, ஆகவே பாட்டிலும் பூட்டு வருகிறது. வேறு எதையும் யாரும் இதில் தேட வேண்டாம்.

ஞானசீலனுக்கு அனுப்பினேன். செண்பகத்துக்கும் இன்றே அனுப்பிவிடு, மனப்பாடம் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. போன் சார்ஜில் கிடக்கிறது.

ஜூலை 3, வியாழன்

பாட்டு ஒலிப்பதிவு.

செண்பகம் காகிதம் இல்லாமல் வந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் ஒரு பருத்திப் புடவை. நான் எப்போதோ திருநெல்வேலியில் எடுத்துக்கொடுத்தது, அவள் அதிகம் கட்டியதில்லை. மைக் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். திரையைப் பார்த்துப் பாடு என்று சொல்ல நினைத்தேன். இசை தொடங்கிவிட்டது.

பாடினாள். இருபது வருடத்துக்கு மேல் பாடாத தொண்டை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் வரியில் ஞானசீலன் நாற்காலியை நகர்த்துவதை நிறுத்தினான். மூன்றாவது வரிக்கு வந்தபோது கண்ணைத் திறந்தாள். 'இருந்துவிட்டுப் போகலாமே' என்னும்போது திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக எங்கள் பக்கம் பார்த்தாள். கடைசிச் சொல்லில் அந்த நடிகையின் வாய் மூடிவிட்டது. இவள் நிறுத்தவில்லை. 'நேரம்' நீண்டுகொண்டே போய், இசையும் நின்ற பிறகு, தானாகக் கரைந்தது.

ரஃபீக் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு எப்போதும் சைனஸ்.

செண்பகம் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள், "எப்படி இருந்ததுங்க?"

நான் பட்டனை அழுத்தினேன். "கடைசிச் சொல்லுல லிப் உக்காரல. அவ வாய் மூடிடுச்சு, நீ இன்னும் பாடிட்டிருக்க. இன்னொரு டேக் போயிடலாம்."

ஞானசீலன் என் பக்கம் திரும்பினான். "சார், இது இருக்கட்டுமே சார்."

"எப்படி இருக்கட்டும்? மூடின வாய்லேர்ந்து குரல் வருமா? நெருக்கத்துல இருக்குய்யா, ஊரே சிரிக்கும்."

செண்பகம் ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டாள். "போலாம் சார்," என்றாள்.

இரண்டாவது டேக் முழுவதும் திரையைப் பார்த்தே பாடினாள். லிப் கச்சிதமாக உட்கார்ந்தது. மற்றபடி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. முதலாவதை அழித்துவிடச் சொன்னேன். தப்பான டேக்கை வைத்திருந்தால் யாராவது அதையே எடுத்துப் போட்டுவிடுவார்கள், அனுபவம் இருக்கிறது. ரஃபீக் என்னையும் ஞானசீலனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழித்தான்.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டிருந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

அவள் அப்படிப் பாடியிருக்கிறாள் என்றால் அதற்குப் பொருள் ஒன்றுதான். நான் உணர்ச்சிவசப்படுகிறவன் அல்ல. கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துச் சொல்கிறேன். அந்தப் புடவை, அந்தப் பார்வை, 'சார்' என்று கூப்பிட்டவள் 'எப்படி இருந்ததுங்க' என்று கேட்டது.

வீட்டைப் பெருக்கினேன். பரணிலிருந்து அவளுடைய ஆர்மோனியத்தை இறக்கித் துடைத்தேன். ஒரு கட்டை வேலை செய்யவில்லை. விருகம்பாக்கத்தில் சரிசெய்கிறவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஜூலை 7, திங்கள்

பிச்சாண்டிக்குப் போன் செய்து, நான் சம்மதிக்கப் போவதில்லை என்றேன்.

"என்ன சார், திடீர்னு?"

"அவளுக்கே இஷ்டமில்ல."

"அவங்க சொன்னாங்களா?"

"பாடினா."

"சரி சார், உங்க உரிமை," என்றார். "நேர்ல வந்து சொல்லிடுங்க."

ஆர்மோனியத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாரக் கடைசியில் தயாராகிவிடுமாம்.

ஜூலை 10, வியாழன்

மும்பையில் முடிவு செய்துவிட்டார்களாம். பாட்டுகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அடியில் வரிகள் மட்டும் ஓடட்டும் என்று. தமிழில் பேசுகிறவள் பாட்டு வந்ததும் இங்கிலீஷுக்கு மாறுவாள். "பழைய படத்தோட அழகு கெட்டுடக் கூடாதாம் சார்," என்றான் ஞானசீலன். அவனே குற்றவாளி போலப் பேசினான்.

எனக்கு இது புதிதல்ல. பரவாயில்லை என்றேன். அவள் பாடியாகிவிட்டது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவனுக்குக் கேட்டாகிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

வெள்ளைச் சட்டை அணிந்து போனேன்.

குடும்ப நீதிமன்றத்தின் நடைகூடத்தில் உட்கார இடமில்லை. சிதம்பரநாதன் மனைவியோடு தள்ளி நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். செண்பகம் ஜன்னலோரமாக நின்றிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"நான் சம்மதம்னு சொல்லப் போறதில்ல," என்றேன்.

அவள் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை.

"எதுக்கு?"

"அன்னிக்கு நீ பாடினியே. மனசுல ஒண்ணுமே இல்லாதவ அப்படிப் பாட முடியாது."

"இருந்தது," என்றாள்.

"அதான் சொல்றேன்."

"அந்த வரியப் படிச்சதுமே புரிஞ்சுதுங்க. பூட்டோட நின்னத எழுதியிருக்கீங்கன்னு. அப்ப பார்த்திருக்காரு, பார்த்துட்டுத்தான் திரும்பாம இருந்திருக்காருன்னு முதல்ல ஆத்திரமா வந்தது. அப்புறம், சரி, இப்பவாவது மனுஷன் வாயத் திறந்திருக்காரேன்னு நெனச்சேன். எங்க அண்ணிகூட, 'என்ன செண்பகம், பெட்டியக் கட்டிருவ போலிருக்கே'ன்னு கேலி பண்ணாங்க. நேர்ல பேச எனக்கும் வராது. அதனால பாடிச் சொல்லிடலாம்னு வந்தேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். சொல்லிட்டு, எப்படி இருந்ததுன்னு உங்களத்தான் கேட்டேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே ஒருவர் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லிப் உக்காரல செண்பகம். நெசமாவே உக்காரல. நீ வேணும்னா ரஃபீக்கக் கேட்டுப் பாரு."

"தெரியும். அவ வாய் எங்க மூடும்னு எனக்கு மனப்பாடம். தெரிஞ்சேதான் பாடினேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொன்னது சரிதாங்க. எப்பவுமே நீங்க சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு. சுருதி விலகினது சரி, சாம்பார்ல உப்பு சரி, எங்க அண்ணன் பேசினது தப்புங்கறதும் சரி. அத்தனையும் சரியா இருந்து நான் என்ன பண்றது? ஒரு நாள் தப்பா, 'நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லியிருக்கலாம்."

"நல்லா இருந்துச்சு," என்றேன்.

அவள் சிரித்தாள். கேலி இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"இப்ப வாய் மூடிடுச்சுங்க," என்றாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே மின்விசிறி சத்தம் போட்டது. நீதிபதி என் வயதுக்காரர், ஒரு பெண்மணி. குழந்தைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதும் இருக்கிறதா என்று முதலில் செண்பகத்திடம் கேட்டார். இல்லைங்கம்மா என்றாள். பிச்சாண்டி எழுந்து, தன் கட்சிக்காரர் ஏதோ சொல்ல விரும்புகிறார் என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். செண்பகம் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்மதம் என்றேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன்.

வெளியே வந்ததும் பிச்சாண்டி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "என்ன சார் இது? வேற மாதிரியில்ல சொல்லி வெச்சிருந்தீங்க?"

"இன்னொரு வாய்தான்னா திரும்ப அலையணும். மத்தியானம் எனக்கு வேல இருக்கு," என்றேன்.

வேலை எதுவும் இல்லை. பாரிமுனையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழியில் இறங்கி ஆர்மோனியத்தை வாங்கிக்கொண்டேன். எல்லாக் கட்டையும் இப்போது பேசுகிறது. பரணில் ஏற்ற ஆள் கிடைக்கவில்லை, ஹாலில் கிடக்கிறது.

ஜூலை 16, புதன்

வடபழனிக்குப் போனேன். ரஃபீக் மட்டும் இருந்தான், ஏதோ கார்ட்டூனுக்கு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தான்.

"அந்தப் பாட்டோட முதல் டேக் இருக்கா ரஃபீக்?"

"எது சார்? செண்பகம் அக்கா பாடினதா?"

"ஆமா."

"நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க."

"அழிச்சது வேற எங்கயாவது தங்கியிருக்குமே. கம்ப்யூட்டர்லதான் எல்லாம் இருக்கும்னு சொல்வியே."

"ரெண்டு மூணு படம் அதுக்கு மேல ஏறிடுச்சு சார்." அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேடுவது போலக் கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து மூடினான். "இல்ல சார். ரெண்டாவது டேக் இருக்கு. போடட்டுமா?"

போடச் சொன்னேன்.

கடையில் விளக்குகள் அணைந்திருந்தன. பெட்டிகளுக்கு நடுவே, கையில் பூட்டோடு நின்றுகொண்டு, அந்த அமெரிக்கப் பெண் தமிழில் பாடினாள். ப-வுக்கும் ம-வுக்கும் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. கடைசிச் சொல்லில் அவள் வாய் மூடியது. அந்தக் கணத்திலேயே குரலும் நின்றது.

"கச்சிதமா இருக்கு சார்," என்றான் ரஃபீக்.

கச்சிதமாகத்தான் இருந்தது.